விழுந்ததால் மயங்கினாரா, மயங்கியதால் விழுந்தாரா? தலைக்காயத்தின் காரணத்தைத் தேடும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கு ஒரு முழு வழிகாட்டி

பிற்பகல் மூன்றரை மணி. நான்குவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் "பைக் ஆக்சிடென்ட், தலையில அடி" என்று 108-க்கு அழைப்பு. நீங்கள் போய் இறங்கும்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். பின்மண்டையில் ரத்தம். கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் முனகுகிறார். சுற்றிலும் இருபது பேர், ஆளுக்கொரு கதை. "லாரி தட்டிட்டுப் போயிருச்சு சார்" என்கிறார் ஒருவர். "தண்ணி போட்டிருக்கான், வேறென்ன" என்கிறார் இன்னொருவர். அவருடைய பைக் மட்டும் இரண்டடி தள்ளி, சைடு ஸ்டாண்டில், ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கிறது.

இது வகுப்புக்காகக் கோத்த கேஸ்தான். ஆனால் இதிலுள்ள துண்டுகள் ஒவ்வொன்றும் வண்டியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகியவை. புதிதாகச் சேர்ந்த இ.எம்.டி.களை (ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் ஊழியர்களை) மனதில் வைத்து, இந்த ஒருவரையே கடைசிவரை தொடர்ந்து போகிறேன்.

காரணம் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது, தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்ப்பதுதானே வேலை என்று சீனியர்களே சிலர் சொல்வார்கள். பாதி சரி. மூச்சும் ரத்தப்போக்கும் காரணம் தெரியும்வரை காத்திருக்காது. ஆனால் காரணம் மாறினால் ஆஸ்பத்திரியில் மருந்தே மாறிவிடும். பக்கவாதம் வந்து விழுந்தவர் நாலரை மணி நேரத்துக்குள் வந்துசேர்ந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றி யோசிப்பார்கள். தலையில் பலமாக அடிபட்டவருக்கு அதே ஊசி மூளைக்குள் ரத்தத்தைக் கொட்டவைக்கும். மாரடைப்பில் விழுந்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் உயிர். மண்டைக்குள் கசிபவருக்கு அவையே எமன். இதையெல்லாம் முடிவு செய்யும் டாக்டர் அந்தச் சர்வீஸ் ரோட்டைப் பார்க்கப்போவதில்லை. பார்த்தது நீங்களும் வண்டி ஓட்டும் பைலட்டும் மட்டும்தான்.

ஆகவே 'எப்படி அடிபட்டது?' என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். விழுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவருக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

படி 1: கதவைத் திறக்குமுன் ஒரு சுற்று பாருங்கள்

முதலில் உங்கள் பாதுகாப்பு. வண்டிகள் வரும் திசை, அறுந்த ஒயர், கேஸ் வாடை. அதோடு ஒரு பழக்கம்: மேலே பாருங்கள். நம் ஊர்களில் தலைக்காயத்தின் விடை பல நேரம் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருக்கும். தென்னை, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி, பாதி கட்டிய சாரம். முருங்கைமரத்தடியில் ஒருவர் தலை உடைந்து கிடக்கிறார், பக்கத்தில் இரும்புத் துறட்டி, மேலே ஈ.பி. லைன் என்றால், அவர் மரத்திலிருந்து விழுந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டிருக்கலாம். உள்ளங்கையில் சிறு கருகல் தேடுங்கள், மானிட்டரில் இதயத்துடிப்பைப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், லைனில் கரண்ட் நிறுத்தப்பட்டதை உறுதி செய்யாமல் கிட்டே போகாதீர்கள்.

நம் கேஸுக்கு வருவோம். பைக் ஸ்டாண்டில் நிற்கிறது. சாவி ஆஃபில் இருக்கிறது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருக்கிறது. லாரி தட்டிய பைக் தானே எழுந்து ஸ்டாண்ட் போட்டுக்கொள்ளாது. யாராவது தூக்கி நிறுத்தினார்களா என்று கேளுங்கள், அப்படியும் நடக்கும். இல்லை என்றால் இவர் வண்டியைத் தானே நிறுத்தி இறங்கியிருக்கிறார். ஏன் நிறுத்தினார்?

படி 2: கேள்விகள் ஓடட்டும், கை உயிரைப் பிடிக்கட்டும்

ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடிக்க, கழுத்துக்குச் செர்விகல் காலர் என்ற பட்டை. வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால் சக்‌ஷன். ஆக்சிஜன். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ தெளிந்த நீரோ வந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், மூக்கு வழியாக எந்தக் குழாயும் விடாதீர்கள்.

அடிபட்ட மூளை இரண்டு விஷயங்களை மன்னிக்காது: மூச்சுக்குறைவும் பிரஷர் இறக்கமும். ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே போவதும், மேல் பிரஷர் 90-க்குக் கீழே போவதும், கொஞ்ச நேரமே ஆனாலும் சாவின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு மண்டைக்குள் ஏற்படும் கசிவினால் மட்டும் பிரஷர் இறங்குவது அபூர்வம். இறங்கியிருந்தால் ரத்தம் வேறெங்கோ போகிறது: வயிறு, நெஞ்சு, இடுப்பெலும்பு, தொடை. தலையின் ரத்தத்திலேயே கவனம் போய் வயிற்றைத் தொடாமல் விடுவதுதான் இந்த வேலையின் பழைய தப்பு.

அடுத்து, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ ஸ்கோர். 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் கொடுத்த அளவுகோல்: கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். நம்மவர் கூப்பிட்டால் கண் திறக்கிறார், சம்பந்தமில்லாத வார்த்தை சொல்கிறார், கிள்ளினால் அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுவருகிறார்: 3, 3, 5. மொத்தம் 11. எழுதிய நேரத்தையும் குறியுங்கள். இந்த எண்ணின் மதிப்பு இது அடுத்து எப்படி மாறுகிறது என்பதில் இருக்கிறது.

படி 3: சுகர் பாருங்கள், எல்லோருக்கும்

தலையில் ரத்தம் வழிந்தாலும் பாருங்கள். சாராய வாடை அடித்தாலும் பாருங்கள். வாடை அடித்தால் கட்டாயம் பாருங்கள், வெறும் வயிற்றில் குடித்தவருக்குச் சுகர் இறங்குவது சகஜம். சுகர் இறங்கியவர் உளறுவார், தள்ளாடுவார், கைகலப்புக்கு வருவார், சிலருக்கு ஒரு பக்கக் கைகால் விழுந்து பக்கவாதம் போலவே இருக்கும். குடிகாரர், பக்கவாதக்காரர், தலைக்காயக்காரர் என எந்த வேஷமும் அதற்குப் பொருந்தும். கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும்.

குத்துவதற்கு முன் விரலைத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். நீங்கள் வருமுன்னே கூட்டத்தில் ஒரு நல்ல மனுஷர் சர்க்கரையையோ ஜூஸையோ வாயில் ஊற்ற முயன்றிருப்பார், கையெல்லாம் வழிந்திருக்கும். அந்த விரலில் எடுத்தால் மெஷின் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

நம்மவருக்கு 38 காட்டுகிறது. 70-க்குக் கீழேயே குறைவுதான். 38 என்றால் மூளை பட்டினி கிடக்கிறது. அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கன்ட்ரோல் ரூம் டாக்டரிடம் பேசி, ஊசி வழியாக 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ். 'தலைக்காயத்துக்கு குளுக்கோஸ் போடக்கூடாது' என்று படித்திருப்பீர்கள். சரிதான், சுகர் சரியாக இருப்பவருக்குத் தேவையில்லாமல் ஏற்றினால் மூளைக்குக் கெடுதல். அதனால்தான் முதலில் அளக்கச் சொல்கிறேன். குறைவு என்று எண்ணில் தெரிந்தபின் தயங்கக்கூடாது.

இங்கேதான் பெரிய பள்ளம். 38 என்று பார்த்ததும் 'அட, சுகர்தான்' என்று மனசு லேசாகிவிடும். புதிர் அவிழ்ந்த மாதிரி இருக்கும். சுகர் இறங்கியது அவர் விழுந்ததற்குக் காரணமாக இருக்கலாம். விழுந்ததில் மண்டைக்குள் என்ன ஆனது என்பதற்கு அது பதிலே இல்லை. ஒருவருக்கே இரண்டும் இருக்கும்.

படி 4: கூட்டத்திடம் கேட்கும் விதம்

"என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் கதைதான் வரும். "அண்ணே, நீங்க கண்ணால பாத்தீங்களா, வந்து பாத்தப்பவே கிடந்தாரா?" என்று கேளுங்கள். இருபது பேரில் பெரும்பாலோர் பின்வாங்கிவிடுவார்கள். மிச்சம் ஒன்றிரண்டு பேர் இருந்தால் அவர்கள்தான் உங்களுக்கு வேண்டும். அவர்களும் போலீஸ், கோர்ட் என்று பயப்படுவார்கள். உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக்கூடாது, பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவே சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். வாய் திறக்கும்.

பார்த்தவரிடம் வரிசையைக் கேளுங்கள். விழுந்தபின் கைகால் இழுத்ததா, இழுத்துக்கொண்டே விழுந்தாரா? பலமாக அடிபட்டவருக்கும் அடிபட்ட கணத்தில் இழுப்பு வரலாம். விழுமுன் நெஞ்சைப் பிடித்தாரா? 'தலை வெடிக்குது' என்றாரா? திடீரென்று இடி இறங்கியது போன்ற தலைவலி வந்து விழுந்தவருக்கு மூளை ரத்தநாளம் முன்பே வெடித்திருக்கலாம். எத்தனை நேரம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார்? சாதாரண மயக்கம் படுத்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிடும். வலிப்புக்குப் பின் குழப்பம் நீடிக்கும், ஆனால் மெல்ல மெல்லத் தெளியும். தெளிந்து பேசியவர் மறுபடி மங்கினால் அது மண்டைக்குள் ரத்தம் சேர்வதன் அறிகுறி.

பேசாமலே சாட்சி சொல்லும் பொருட்களும் உண்டு. கிடப்பவர் கையில் சாவிக்கொத்தோ இரும்புத் துண்டோ திணித்திருந்தால், யாரோ இழுப்பைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். சாவியால் வலிப்பு நிற்காது, ஆனால் அந்தச் சாவியை வைத்தவர் உங்கள் முதல் சாட்சி, "யாரு சாவி குடுத்தது?" என்று தேடிப் பிடியுங்கள். காயத்தில் காபித்தூளோ மஞ்சளோ அப்பியிருந்தால், 'இப்பத்தான் விழுந்தார்' என்பதை நம்பாதீர்கள். வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இருந்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நம்மவரின் பேன்ட் நனைந்திருக்கிறது. வலிப்பில் சிறுநீர் போய்விட்டதா? சட்டையையும் தொட்டுப் பாருங்கள். மேலேயிருந்து கீழேவரை ஈரம் என்றால் கூட்டம் முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறது.

படி 5: உடம்பைப் படியுங்கள்

முதலில் உள்ளங்கை. விழும்போது நினைவு இருந்தால் கை தானாகத் தரையில் ஊன்றும். உள்ளங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு இருக்கும். முகமோ தாடையோ பின்மண்டையோ உடைந்து கை சுத்தமாக இருந்தால், விழும்போதே அவருக்கு நினைவு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர் கை சுத்தம். முன்கையின் வெளிப்புறத்தில் கன்றிப்போயிருந்தால் அடியைத் தடுத்த கையாக இருக்கலாம், அதைத் தனியாகக் குறியுங்கள்.

வாயைத் திறந்து நாக்கின் ஓரம் பாருங்கள். பக்கவாட்டில் கடிபட்டிருந்தால் வலிப்புக்கு வலுவான சாட்சி. கண்மணி: ஒன்று விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காவிட்டால் மூளை அழுத்தப்படுகிறது, ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. ஆனால் வயதானவர் என்றால் "கண் ஆபரேஷன் பண்ணிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதறுங்கள். புரை ஆபரேஷனுக்குப் பின் சிலருக்குக் கண்மணி கோணலாகவே இருக்கும். இரண்டும் ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் ஒழுகி, உடம்பு வியர்த்து, வயலோரமாகக் கிடந்தால் பூச்சிமருந்தை நினையுங்கள். கையுறையைக் கழற்றாதீர்கள்.

இனி காயம். மண்டைத்தோல் எலும்பின்மேல் இறுகிக் கிடப்பதால், மொட்டையான பொருள் பட்டாலே கத்தியால் கீறியது போல நேராகப் பிளக்கும். அதைப் பார்த்து 'வெட்டுக்காயம்' என்று எழுதிவிட்டால் அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தையே ஸ்டேஷனில் உட்காரவைக்கும். எங்கே, எத்தனை சென்டிமீட்டர், ஓரம் எப்படி, மண் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள். பெயர் வைப்பது டாக்டர் பாடு. சமதரையில் விழுபவருக்குத் தொப்பியின் விளிம்பு உட்காரும் சுற்றில் அடிபடுவது அதிகம். அதற்கு மேலே உச்சியில் காயம் இருந்தால் மேலிருந்து ஏதோ விழுந்ததா, அடித்தார்களா என்ற சந்தேகம் வரும். படிக்கட்டில் உருண்டவரிடம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

காதுக்குப் பின்னால் நீலம் பாரிப்பதும், இரு கண்களைச் சுற்றிக் கறுப்பதும் மண்டையோட்டின் அடித்தளம் உடைந்ததைக் காட்டும். ஆனால் இவை உடனே வருவதில்லை. கண் கறுக்கச் சில மணி நேரம், காதுக்குப் பின்னால் வர ஒரு நாள்கூட ஆகும். நீங்கள் போனபோதே அங்கே நீலம் இருந்தால், அடி நேற்றையதாக இருக்கலாம்.

படி 6: பாக்கெட், பை, டிபன் பாக்ஸ்

சாட்சி முன்னிலையில், என்ன எடுத்தோம் என்று சொல்லிக்கொண்டே பாருங்கள். பணம், நகை விஷயத்தில் பின்னால் பேச்சு வரக்கூடாது. தேடுவது மாத்திரை அட்டை. ஃபெனிடாயின் இருந்தால் வலிப்பு நோயாளி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரெல் இருந்தால் சிறு இடிகூடப் பெருங்கசிவாகும். நம்மவர் சட்டைப் பையில் கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை அட்டை, இரண்டு மாத்திரை காலி. இந்த மருந்தால் இறங்கிய சுகர் ஏற்றியபின்னும் மறுபடி இறங்கும், அதனால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பைக்கின் பக்கப்பெட்டியில் டிபன் பாக்ஸ். திறந்தால் சாதம் தொடாமல் இருக்கிறது. மணி நாலாகப்போகிறது.

படி 7: வீட்டுக்குள் விழுந்தவர்கள்

ரோட்டில் இருபது கதை கிடைக்கும். வீட்டில் ஒரே கதைதான், அதுவும் வாசலிலேயே தயாராக இருக்கும்: "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க." பெரும்பாலும் அது உண்மையும்கூட. இருந்தாலும் பாத்ரூம் தரையைப் போய்ப் பாருங்கள். காய்ந்திருக்கிறதா? கதவு உள்ளே தாழ்போட்டிருந்து உடைத்தார்களா? கேஸ் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததா? ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் ஹீட்டர் என்றால் கார்பன் மோனாக்சைடு மயக்கத்தை நினைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷின் அங்கே 99 காட்டி ஏமாற்றும்.

பாட்டி ஒருவாரமாகத் தூங்கிவழிகிறார், பேச்சு குழறுகிறது, இன்று விழுந்தார் என்றால், "அதுக்கு முன்னாடி எப்பவாவது?" என்று கேளுங்கள். மூன்று வாரம் முன்பு நிலைப்படியில் லேசாக இடித்துக்கொண்டது யாருக்கும் நினைவிருக்காது. வயதானவர்களுக்குக் கசிவு மெல்லச் சேர்ந்து வாரங்கள் கழித்துத்தான் தெரியும். இன்றைய விழுதல் அதன் விளைவு.

கதையும் காயமும் ஒட்டாத வீடுகளும் உண்டு. புரளத் தெரியாத கைக்குழந்தை 'தானே உருண்டு விழுந்தது.' கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மனைவி வாய் திறக்குமுன் கணவர் பதில் சொல்கிறார். அங்கே விசாரணை வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். நோயாளியை வண்டியில் ஏற்றுங்கள். கூட வருபவரை முன்சீட்டில் பைலட் பக்கத்தில் உட்காரவையுங்கள். கதவு மூடியபின் மெதுவாக, "அக்கா, வீட்ல பயமா இருக்கா?" ஒரு கேள்வி போதும். சொன்னதைச் சொன்னபடி எழுதி டாக்டரிடம் தனியாகக் கொடுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் உங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

படி 8: வண்டி ஓடும்போது

காரணம் தெரியாமல் நிற்பதைவிட, தெரியாமலே கிளம்புவது மேல். ஸ்டெச்சரின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துங்கள். முதுகெலும்புச் சந்தேகம் இருந்தால் போர்டோடு சேர்த்துச் சாய்க்கலாம். மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை வேகவேகமாக அழுத்தாதீர்கள்.

நம்மவர் டெக்ஸ்ட்ரோஸ் ஏறிச் சில நிமிஷத்தில் பெயர் சொல்கிறார், ஊர் சொல்கிறார். ஸ்கோர் 14. சுகர் 142. பைலட்டுக்கும் முகத்தில் சிரிப்பு. ஆனால் "நான் எங்க இருக்கேன்?" என்று நான்காவது முறையாகக் கேட்கிறார். பத்து நிமிஷத்தில் வாந்தி. மறுபடி கண் சொருகுகிறது, ஸ்கோர் 12. முதலில் சுகரை மறுபடி பாருங்கள்: 118. அப்படியானால் இந்த மங்கல் சுகரால் வந்ததல்ல. பிரஷர் ஏறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறானால் மூளை கீழே அழுந்தத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷம்தான், ஆனால் அங்கே சி.டி. ஸ்கேன் இல்லை, நரம்பியல் அறுவை டாக்டர் இல்லை. கன்ட்ரோல் ரூமில் பேசி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முன்தகவல் கொடுங்கள்.

படி 9: எழுதுவதும் ஒப்படைப்பதும்

'ஆர்.டி.ஏ.' (சாலை விபத்து) என்று மூன்றெழுத்தில் முடித்துவிடத் தோன்றும். கூட வந்தவர்களும் அதையே எழுதச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது, இன்ஷூரன்ஸுக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வேண்டும். அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் உங்கள் தாளில் 'லாரி மோதியது' என்று இருந்தால், டாக்டர் சுகர் மாத்திரையைப் பற்றிக் கேட்காமலே போகலாம். 'தடுமாறி விழுந்தார்' என்று மட்டும் இருந்தால், உண்மையிலேயே இடித்துவிட்டுப் போன வண்டி தப்பிவிடும். பார்த்ததைப் பார்த்ததாக, கேட்டதை யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள். 'மோதியதைப் பார்த்தவர் யாரும் இல்லை' என்பதும் ஒரு தகவல்தான், எழுதுங்கள். நோயாளி சொன்ன வார்த்தையைத் திருத்தி அழகாக்காதீர்கள்.

கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் உங்களுக்காக அரை நிமிஷம்தான் நிற்பார். அதற்குள் சொல்ல வேண்டியதை வண்டியிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுங்கள்:

"சார், ஐம்பது வயசு ஆண். மூன்றரைக்கு ரோட்டோரம் கிடந்தார், விழுந்ததை யாரும் பார்க்கலை. பைக் ஸ்டாண்டில், சாவி ஆஃப், ஹெல்மெட் பைக் கண்ணாடியில் மாட்டியிருந்தது. பின்மண்டையில் நாலு சென்டிமீட்டர் காயம், கையில் சிராய்ப்பு இல்லை. முதல் சுகர் 38, ஸ்கோர் 11. டெக்ஸ்ட்ரோஸுக்குப் பிறகு சுகர் 142, ஸ்கோர் 14. பத்து நிமிஷத்தில் வாந்தி, ஸ்கோர் 12, அப்போ சுகர் 118. கிளிபென்கிளமைடு சாப்பிடுறவர். மதியம் சாப்பிடலை."

"சாப்பிடலைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். டிபன் பாக்ஸை மேஜைமேல் வையுங்கள்.